படிப்பும் படியும்: நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரி வந்த வழி

விழா மலர்களில் வரும் நிறுவன வரலாற்றுக்கு ஒரு வாய்பாடு உண்டு. காணி கொடுத்தவர், அடிக்கல் நாட்டியவர், முதல் அதிபர், மூன்று மாடிக் கட்டடம், பழைய மாணவர் சங்கம். மலர்க்குழுவினர் கனடா நாட்டுக் கல்வி நிறுவனம் ஒன்றைப் பற்றி எழுதித் தரச் சொன்னபோது நான் எடுத்துக்கொண்ட நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரிக்கு இந்த வாய்பாடு ஒத்துவராது. அதற்குக் காணி கொடுத்த வள்ளல் யாரும் இல்லை. ஒரு நீதிமன்றத் தீர்ப்பிலும், கம்பனிக் கடையின் பற்றுக் கணக்கிலும், வீட்டு வாடகை அட்டவணையிலும் சிதறிக் கிடக்கிறது அதன் வரலாறு. அதனால் கல்லூரிக்கு வந்து சேரக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வாசகர் பொறுத்தருள வேண்டும்.

நுனாவுட் கனடாவின் ஐந்தில் ஒரு பங்கு நிலம். அதில் 25 ஊர்கள். 2021 குடிசன மதிப்பீட்டின்படி அங்கே வாழ்பவர்கள் 36,858 பேர். மார்க்கம் நகரசபையின் ஒரு வட்டாரத்துச் சனத்தொகைக்குக் கிட்டத்தட்டச் சமம். நூற்றுக்கு எண்பத்தைந்து பேர் இனுயிட் மக்கள். ஓர் ஊரிலிருந்து அடுத்த ஊருக்குத் தெரு கிடையாது. ஆட்கள் போவது வருவது விமானத்தில். சாமான்கள் கோடையில் கடற்பனி உருகிய பிறகு கப்பலில் வரும். கப்பல் திரும்பிப் போனபின் எது குறைந்தாலும் அடுத்த கோடை வரை விமானக் கூலி கொடுத்துத்தான் இறக்க வேண்டும். பால், மரக்கறி, பிள்ளைக்குப் பம்பர்ஸ் எல்லாமே அந்தக் கூலியோடுதான் கடைத் தட்டுக்கு வருகின்றன. 2017-18ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நுனாவுட் வீடுகளில் 57 சதவீதமானவை போதிய உணவு வாங்க வழியில்லாதவை என்று தெரியவந்தது. இப்படியான ஊரில் ஒரு தாய் 'நான் படிக்கப் போகிறேன்' என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி அடுப்பைப் பற்றியது. இதை ஒட்டாவாவிலிருக்கும் மத்திய அரசு விளங்கிக்கொள்ள எத்தனை காலம் எடுத்தது என்பதே இந்தக் கல்லூரியின் முற்பகுதிக் கதை.

1930களில் நரித்தோல் விலை விழுந்தது. பொறி வைத்து நரி பிடித்துக் கடையில் கொடுத்து, மாவும் தேயிலையும் தோட்டாவும் வாங்கிய குடும்பங்கள் நொடிந்தன. வட கியூபெக்கில் பட்டினி கிடந்தவர்களுக்குக் கொடுத்த நிவாரணத்தின் செலவு யார் தலையில் என்று ஒட்டாவாவும் கியூபெக்கும் மல்லுக்கட்டின. 1867ஆம் ஆண்டு அரசியல் சட்டப்படி 'இந்தியர்' மத்திய அரசின் பொறுப்பு. இனுயிட் மக்கள் அந்தச் சொல்லுக்குள் அடக்கமா? அடக்கம்தான் என்று 1939 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. ஒரு மக்களின் சட்ட நிலை நிவாரண பில்லை முன்வைத்து முடிவானது. வழக்காடியவர்கள் இரண்டு அரசுகள். யாருடைய பசியைப் பற்றி வழக்கோ, அவர்கள் தரப்பென்று அங்கே ஒருவரும் இல்லை.

பொறுப்புத் தனது என்று தீர்ப்பு வந்த பிறகும் ஒட்டாவா அவசரப்படவில்லை. 1945 ஜூலையில் நாடு முழுவதற்குமான குடும்பக் கொடுப்பனவு தொடங்கியது. இன்றைய பிள்ளைக் காசின் பாட்டி என்று சொல்லலாம். வயதைப் பொறுத்துப் பிள்ளைக்கு மாதம் 5 முதல் 8 டொலர். தெற்கில் தாயின் பெயருக்குக் காசோலை போனது. வடக்கில் இனுயிட் தாய்க்குக் காசோலை இல்லை. அவள் பெயரில் கடையில் பற்று எழுதப்பட்டது. அங்கீகரித்த பொருள்களை மட்டும் அதில் வாங்கலாம். பால்மாவும் குழந்தைக்குக் கரைத்துக் கொடுக்கும் தானியமாவும் அவற்றில் முதன்மையானவை. கையில் காசு வந்தால் ஆண்கள் வேட்டைக்குப் போகாமல் கடை வாசலில் குந்திவிடுவார்கள் என்று அதிகாரிகளுக்குப் பயம். பதிவு செய்தது ஆர்.சி.எம்.பி. பொலிஸ், சாமான் கொடுத்தது பெரும்பாலும் ஹட்சன் பே கம்பனிக் கடை. ஆளை அடையாளம் காண 1941 முதல் கொடுத்த வட்டத் தகடு உதவியது. கழுத்தில் நூல் கோத்துப் போட்டுக்கொள்ளத் துளையிட்ட சிறு வில்லை. ஒரு பக்கம் முடிச்சின்னம், மறுபக்கம் 'ஈ' என்ற எழுத்தும் ஓர் இலக்கமும். பிள்ளைக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருக்க, பால்மா வந்தது இந்த இலக்கத்துக்கு. 1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஏப் ஓக்பிக் என்ற இனுயிட் தலைவர் ஊர் ஊராகச் சென்று குடும்பப் பெயர்களைப் பதிவு செய்த பிறகே இலக்கங்கள் ஒழிந்தன.

இந்தக் கொடுப்பனவை ஒரேயடியாகப் பழிக்க எனக்கு மனமில்லை. வேட்டை பிழைத்த மாதங்களில் அது பல பிள்ளைகளுக்குப் பசியாற்றியது. ஆனால் கொடுத்த கை விரைவிலேயே அதை வேறொன்றுக்கும் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. 1950களிலும் 60களிலும் அரசு பள்ளிகளைக் கட்டியது. பள்ளிகள் கரையோரக் குடியிருப்புகளில். குடும்பங்களோ வேட்டைக்கேற்ப நிலமெங்கும் பரந்த முகாம்களில். பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பாவிட்டால் குடும்பக் கொடுப்பனவு நிற்கும் என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது. பாபின் தீவுப் பகுதியின் முதியவர்கள் இதை வாக்குமூலமாகவே கொடுத்திருக்கிறார்கள். கிக்கிக்தானி இனுயிட் சங்கம் 2007இல் அமைத்த உண்மை அறியும் ஆணைக்குழு, ஓய்வுபெற்ற நீதிபதி ஜேம்ஸ் இக்லோலியோர்ட்டே தலைமையில் ஊர் ஊராகப் போய் அவற்றைப் பதிவு செய்தது. வாடகை குறைவு, வீடு தயார் என்ற வாக்குறுதியோடு குடியிருப்புக்கு வந்து கூடாரத்தில் குளிர்காலத்தைக் கழித்த குடும்பங்கள் அந்தப் பதிவில் உண்டு. படிப்பும் படியும் ஒரே கயிற்றின் இரு முனைகளாகக் கட்டப்பட்டது அப்போதுதான். பள்ளியை இனுயிட் பெற்றோர் நெடுங்காலம் சந்தேகத்தோடு பார்த்ததற்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை. விடுதிப் பள்ளிகளின் கொடுமை தனிக் கதை. செஸ்டர்ஃபீல்ட் இன்லெட் விடுதிப் பள்ளியில் நடந்தவற்றை இந்த மலரின் ஒரு பந்தியில் அடக்குவது முறையாகாது.

1969, 1970ஆம் ஆண்டுகளில் கல்வியும் சமூக உதவியும் உள்ளிட்ட நிர்வாகம் ஒட்டாவாவிலிருந்து யெலோநைஃபுக்கு, அப்போது நுனாவுட்டும் அடங்கியிருந்த வடமேற்குப் பிரதேச அரசின் கைக்கு வந்தது. அக்காலத்தில்தான் ஃபோர்ட் ஸ்மித்தில் வயதுவந்தோருக்கான தொழிற்பயிற்சி நிலையம் முளைத்தது. முதலில் கற்றுக்கொடுத்தது புல்டோசர் போன்ற கனரக வாகனம் ஓட்டுவது. அந்தப் பயிற்சி நிலையம் 1981இல் தெபாச்சா கல்லூரியானது. 1984இல் கிழக்குப் பகுதியையும் சேர்த்துக்கொண்டு ஆர்க்டிக் கல்லூரி என்று பெயர் பெற்றது. நுனாவுட் தனிப் பிரதேசமாகப் போகிறது என்பது உறுதியானதும் கல்லூரியும் பாகம் பிரிந்தது. 1995 ஜனவரியில் மேற்கே அரோரா கல்லூரி, கிழக்கே நுனாவுட் ஆர்க்டிக் கல்லூரி. பிரதேசம் பிறந்தது 1999 ஏப்ரல் முதலாம் திகதி. அதன் கல்லூரி நான்கு வயது மூத்தது.

ஆனால் கிழக்கின் உண்மையான முதல் வகுப்பு அதற்கும் முந்தியது. 1979இல் ஃப்ரோபிஷர் பேயில், அதாவது இன்றைய இக்காலுயிட்டில், கிழக்கு ஆர்க்டிக் ஆசிரியர் பயிற்சித் திட்டம் ஆரம்பமானது. பள்ளியில் பிள்ளைகளுக்குத் தங்கள் மொழியில் பேச ஓர் ஆள் வேண்டும். தெற்கிலிருந்து வரும் ஆசிரியர் இரண்டு குளிர்காலம் தாங்கினால் அதிசயம். ஆகவே ஊர்ப் பெண்களையே ஆசிரியர்களாக்குவது என்று முடிவு. பட்டம் முதலில் மெக்கில் பல்கலைக்கழகத்துடையது, பின்னர் ரெஜைனா, 2019 முதல் மெமோரியல். பட்டம் கொடுத்தவர் மாறிக்கொண்டே இருந்தாலும் வகுப்பு நிற்கவில்லை. என் கணிப்பில் இந்தக் கல்லூரி செய்த மிகப் பெரிய காரியம் இதுதான். சொல்லப்போனால் மற்றதெல்லாம் இதற்குப் பின்.

இத்திட்டம் தாக்குப்பிடித்த விதத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். பட்டப்படிப்பை இக்காலுயிட்டில் மட்டும் வைத்திருந்தால், பாபின் தீவின் வடமுனையில் இருக்கும் பொண்ட் இன்லெட் பெண் என்ன செய்வாள்? பெரும்பாலும் அவள் பள்ளி விட்டு வந்த பெண்ணாக இருக்கமாட்டாள். முப்பது வயது, இரண்டு மூன்று பிள்ளைகள். நுனாவுட்டில் பாதிப் பேர் அரசாங்க வீட்டில் இருக்கிறார்கள். படிக்கப் போகிறவள் அந்த வீட்டை விட்டால் திரும்பி வரும்போது காத்திருப்புப் பட்டியலின் அடியில் நிற்க வேண்டும். இக்காலுயிட்டில் குடும்பத்தோடு தங்க மாணவர் வீடு கிடைக்க வேண்டும். குழந்தை பராமரிப்பு நிலையத்தில் இடம் கிடைக்க வேண்டும். பனிமேல் கடல்நாய் வேட்டையாடி இறைச்சி கொண்டுவரும் கணவன் ஊரில் நின்றுவிட்டால், இவள் கடை இறைச்சி வாங்க வேண்டும். இவற்றில் ஒன்று பிசகினாலும் நத்தாருக்கு ஊர் போனவள் தை மாதம் திரும்பமாட்டாள். கல்லூரி கண்ட வழி, வகுப்பையே ஊருக்கு அனுப்புவது. விரிவுரையாளர் போய் ஊரின் கற்றல் நிலையத்தில் வகுப்பு நடத்துவார். ஒரு சுற்று முடிந்ததும் வகுப்பு வேறோர் ஊருக்குப் போகும். வீடும் வேட்டையும் பாட்டியின் மடியும் இருந்த இடத்திலேயே இருக்கும். செலவு கூடிய முறைதான். கணக்குப் பிள்ளைக்குக் கண்ணில் குத்தும். ஆனால் பாதியில் நின்ற மாணவிக்குச் செலவழித்த காசை அந்தக் கணக்குப் பிள்ளை எந்தப் பக்கத்தில் எழுதுவார்?

இதே பாடத்தைச் சட்டக் கல்வியும் சொல்கிறது. நுனாவுட் பிறந்தபோது அங்கே இனுயிட் வழக்கறிஞர் ஒரே ஒருவர், அவரே முதலாவது முதல்வருமான போல் ஓக்கலிக். 2001இல் விக்டோரியா பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அக்கிட்சிராக் சட்டப் பள்ளி இக்காலுயிட்டில் தொடங்கியது. பேராசிரியர்கள் பறந்து வந்தார்கள். மாணவர் ஒவ்வொருவரையும் ஓர் அரசுத் திணைக்களமோ அமைப்போ பொறுப்பெடுத்து வாழ்க்கைச் செலவைத் தாங்கியது. 2005இல் 11 பேர் சட்டப் பட்டத்தோடு வெளியே வந்தார்கள். எவரும் மெச்சும் பலன். அடுத்த அணிக்கான முயற்சி நிதி கிடைக்காமல் கைவிடப்பட்டது. பன்னிரண்டு ஆண்டுகள் போன பிறகே, 2017இல், சஸ்காட்செவன் பல்கலைக்கழகத்தோடு அடுத்த சட்ட வகுப்பு கூடியது. அவர்கள் 2021இல் முடித்தார்கள். வெற்றிகரமான முன்னோடித் திட்டம் என்று பாராட்டி, நிதியை நிறுத்திவிடுவது வடக்கில் பழகிப்போன காட்சி. தெற்கிலே ஒரு சட்டக் கல்லூரி நன்றாக நடந்தால் அடுத்த ஆண்டும் நடக்கும். அதற்கு யாரும் விண்ணப்பம் எழுதுவதில்லை.

காசு யாருடையது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நுனாவுட் அரசின் வருவாயில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஒட்டாவாவிலிருந்து வருவது. ஆகவே இக்காலுயிட் சட்டசபையில் கல்லூரிக்கு எவ்வளவு என்று விவாதிக்கும்போது பானையின் அளவு வேறிடத்தில் முடிவாகியிருக்கும். இனுயிட் மக்களும் மத்திய அரசும் செய்த 1993ஆம் ஆண்டுக் காணி உரிமை ஒப்பந்தத்தில் 23ஆவது பிரிவு என்று ஒன்று உண்டு: அரசு வேலைகளில் இனுயிட் மக்களின் பங்கு அவர்களுடைய சனத்தொகைப் பங்குக்கு ஈடாக வர வேண்டும். சமரசராக நியமிக்கப்பட்டிருந்த தோமஸ் பேர்கர் 2006இல் அறிக்கை கொடுத்தபோது அந்தப் பங்கு 45 சதவீதம். அதுவும் பெரும்பாலும் கீழ்மட்ட வேலைகளில். காரணத்தை அவர் வேலைத் திணைக்களத்தில் தேடவில்லை, பள்ளியில் கண்டார். அப்போது இனுயிட் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் உயர்பள்ளியை முடிக்கவில்லை. இனுயிட் மொழியான இனுக்டிட்டுட், ஆங்கிலம் இரண்டிலும் முறையாகக் கற்பிக்க ஆண்டுக்குச் சுமார் 20 மில்லியன் டொலர் மேலதிகமாக வேண்டும் என்றார். அது வரவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே நுனாவுட் துங்காவிக் என்ற இனுயிட் அமைப்பு ஒப்பந்த மீறலுக்காக ஒரு பில்லியன் டொலர் கேட்டு மத்திய அரசுமேல் வழக்குப் போட்டது. 2015 மே மாதம் 255.5 மில்லியனுக்கு இணக்கம் ஏற்பட்டது. அதில் 175 மில்லியன் பயிற்சிக்கும் கல்விக்கும் என்று ஒதுங்கியது. அதை நிர்வகிக்க மக்கிகியாக்தா என்ற இனுயிட் பயிற்சிக் கூட்டுத்தாபனம் எழுந்தது. ஆண்டுக்கு 20 மில்லியன் என்ற கணக்கில் அந்த ஒன்பது ஆண்டுக்குக் கொடுத்திருந்தால் 180 மில்லியன். வழக்கறிஞர் செலவு தனி.

இந்த இடைக்காலத்தில் கல்லூரி வளரவில்லை என்று சொல்ல முடியாது. ரங்கின் இன்லெட்டில் 2010இல் தொழிற்கலை நிலையம் திறந்தது. தச்சரும் மின்வேலைக்காரரும் தெற்கே போகாமல் பழக வழி வந்தது. அடுத்த ஆண்டு கிளைட் ரிவரில் பிக்குசிலிரிவ்விக் என்ற பண்பாட்டுப் பள்ளி. அங்கே முதியவர்கள் ஆசிரியர்கள். தோல் பதனிடுவதும் பனியைப் படிப்பதும் பாடங்கள்.

2013இல் நுனாவுட் அரசு ஒரு மாற்றம் செய்தது. யாரும் விழா எடுக்காத மாற்றம். குடும்ப சேவைகள் திணைக்களம் என்று புதிதாக ஒன்றை அமைத்து, வருமான உதவியையும் ஃபான்ஸ் என்று சுருக்கமாக அழைக்கும் மாணவர் நிதியுதவியையும் அதற்குள் வைத்தது. ஓசாப் படிவம் நிரப்பிக் களைத்த ரொறன்ரோப் பெற்றோருக்கு ஃபான்ஸ் என்னவென்று விளக்க வேண்டியதில்லை; கல்விக் கட்டணம், புத்தகம், விமானச் சீட்டு, வாழ்க்கைச் செலவுப்படி எல்லாம் அதற்குள். வெல்ஃபெயரும் படிப்புதவியும் ஒரே கூரையின் கீழ் வந்தது காகிதத்தில் நல்ல யோசனை. ஆனால் இரண்டுக்கும் கடிகாரம் வேறு. வருமான உதவி மாதத்துக்கு மாதம், குடும்பத்தை அலகாக வைத்துக் கணக்கிடுவது. படிப்புதவி தவணைக்குத் தவணை, மாணவரை அலகாக வைத்துக் கணக்கிடுவது. ஒன்று நின்று மற்றது வருவதற்கு இடையில் பிள்ளைகள் சாப்பிட வேண்டும். 2019இல் கனடாவின் கணக்காய்வாளர் நாயகம் உயர்பள்ளி மாணவருக்கும் வயதுவந்த மாணவருக்கும் கிடைக்கும் ஆதரவை ஆராய்ந்தபோது, கல்வித் திணைக்களம், குடும்ப சேவைகள், ஆர்க்டிக் கல்லூரி மூன்றையும் ஒரே அறிக்கையில் வைத்துப் பார்த்தார். பள்ளியிலிருந்து மேற்படிப்புக்கோ வேலைக்கோ போகிறவர்களுக்குப் போதிய கைகொடுப்பு இல்லை என்றார். மூன்றையும் சேர்த்துப் பார்த்ததே சரியான பார்வை என்று நினைக்கிறேன்.

வாடகையிலும் ஒரு முடிச்சு இருந்தது. அரசாங்க வீட்டின் வாடகை வருமானத்தோடு ஏறும். முன்பு வீட்டில் வாழும் வளர்ந்த பிள்ளைகளின் சம்பளமும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. மகன் பயிற்சி முடித்து வேலைக்குப் போனால் தாயின் வாடகை ஏறிவிடும். படித்ததற்குத் தண்டம் கட்டுவது போலத்தான். 2014இல் வாடகை அட்டவணையைத் திருத்தி, வீட்டை எடுத்த முதன்மை வாடகைக்காரரின் வருமானத்தை மட்டும் பார்ப்பதென்று மாற்றினார்கள். கல்லூரி வரலாற்றில் இந்த ஒரு வரி எங்கும் இடம்பெறாது. எத்தனை இளைஞர் பயிற்சிக்குப் பெயர் கொடுப்பதை அது இலகுவாக்கியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பள்ளிப் பக்கத்து நிலவரம் இன்னும் இழுபறி. 2008ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் 2019-20க்குள் எல்லா வகுப்பிலும் இருமொழிக் கல்வி என்று நாள் குறித்தது. போதிய ஆசிரியர் இல்லாமல் நாள் கடந்தது. 2020இல் சட்டத்தைத் திருத்தி, இனுயிட் மொழிப் பாடத்தைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை கொண்டுபோக 2039 வரை தவணை எடுத்துக்கொண்டார்கள். அதை எதிர்த்து நுனாவுட் துங்காவிக் மறுபடி நீதிமன்றம் போயிருக்கிறது. 1979இல் தொடங்கிய ஆசிரியர் பயிற்சிக்கு ஆண்டுதோறும் எவ்வளவு காசு, எத்தனை வீடு ஒதுக்கினார்கள் என்ற கணக்குக்கும் இந்த 2039க்கும் நேரடி உறவு உண்டு.

ஆகக் கடைசியாக நடந்ததையும் பதிந்து வைக்கிறேன். இனுயிட் பிள்ளைகளுக்கு முதலிடம் என்ற பெயரில் 2019 முதல் இயங்கும் மத்திய அரசுத் திட்டத்தின் கீழ், நுனாவுட் ஊர்ச்சபைகள் வழியே உணவுச் சீட்டு கொடுத்தார்கள். பிள்ளைக்கு மாதம் 500 டொலர். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பால்மா, பம்பர்ஸ் வகைக்கு மேலும் 250. சீட்டை ஊர்க் கடையில் கொடுத்துச் சாமான் வாங்கலாம். 1945இன் பற்றுக் கணக்கைப் போலத்தான் தோன்றும். வித்தியாசம், இம்முறை வழங்கியது ஊரவர் தேர்ந்தெடுத்த சபை. 2025 மார்ச் 31உடன் அந்த நிதி நின்றது. ஒரு நிதியாண்டு முடிகிறது என்பதைத் தவிர ஊரில் எதுவும் மாறவில்லை; அடுத்த கப்பலுக்கு இன்னும் மூன்று நான்கு மாதம் இருந்தது. பசியோடு வருகிற பிள்ளைக்கு எந்த மொழியில் பாடம் நடத்தினாலும் ஏறாது என்பதை இம்மலரை வாசிக்கும் ஆசிரியர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதே 2025இல் இன்னொரு செய்தியும் வந்தது. கனடாவின் நான்கு இனுயிட் பிரதேசங்களுக்கும் பொதுவாக ஒரு பல்கலைக்கழகம் அமைக்க முயலும் இனுயிட் தப்பிரீட் கனட்டாமி அமைப்பு, முதன்மை வளாகத்துக்கு நுனாவுட்டின் ஆர்வியாட் ஊரைத் தெரிந்தது. ஹட்சன் குடாவின் மேற்குக் கரையில் மூவாயிரம் பேரளவில் வாழும் ஊர். அதற்கு முன்பே, 2019 வரவு செலவுத் திட்டத்தில், இனுயிட் மக்களே நடத்தும் மேற்படிப்புத் திட்டத்துக்குப் பத்து ஆண்டில் 125.5 மில்லியன் டொலரும் அதன்பின் ஆண்டுதோறும் 21.8 மில்லியனும் என்று மத்திய அரசு எழுத்தில் கொடுத்திருந்தது. பத்து ஆண்டுக்கு முன்கூட்டியே சொல்லி வைத்த தொகை என்பது வடக்கில் அபூர்வம். 2027 ஏப்ரலுக்குள் அரச நிலமும் கனிவளமும் நுனாவுட் அரசின் கைக்கு வருகின்றன; 2024 ஜனவரியில் அதற்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. சுரங்க வருவாய் வந்து சேர்ந்தால் பானையின் அளவை இக்காலுயிட்டும் கொஞ்சம் தீர்மானிக்கலாம்.

ஆர்வியாட் வளாகத்தின் வரைபடம் வெளியானால் நான் முதலில் தேடப்போவது நூலகத்தையோ மண்டபத்தையோ அல்ல. பிள்ளைகளோடு வரும் மாணவிக்கு எத்தனை வீடு, குழந்தை பராமரிப்பில் எத்தனை இடம், அவள் விட்டு வந்த ஊர் வீட்டை யார் காத்து வைப்பார்கள் என்ற மூன்றுக்கும் எந்தத் தலைப்பின் கீழ் காசு எழுதியிருக்கிறார்கள் என்பதைத்தான்.